செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

கேள்வி: என் கணவர் வைத்திருந்த 1991 ஆம் ஆண்டு அம்பாசிடர் நோவா பெட்ரோல் கார், அவர் காலமான பிறகு எட்டு மாதங்களாக ஷெட்டிலேயே நின்றுவிட்டது. தை மாதம் பேத்தியின் காதணி விழாவுக்குக் குலதெய்வக் கோயில் வரை அந்தக் காரில்தான் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. புது பேட்டரி போட்டோம். செல்ஃப் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் வந்த மெக்கானிக் பிளக், பிளக் ஒயர், காயில் மூன்றையும் மாற்றினார், பலனில்லை. அடுத்தவர் கார்புரேட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். மூன்றாமவர் கம்ப்ரஷன் இல்லை, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். சாவியைத் திருகிப் பிடித்திருக்கும் வரை ஒன்றும் நடப்பதில்லை. கையை எடுக்கும் நொடியில் ஒரே ஒரு தடவை உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோல் ஈரம். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலோடு ஐந்து லிட்டர் புதிதாக ஊற்றியிருக்கிறோம். என் தம்பி மகன் ஐ.டி.ஐ. முடித்தவன், மல்டிமீட்டர் வைத்திருக்கிறான். மேலும் செலவு செய்யலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

எடைக்குப் போடாதீர்கள். இன்ஜினையும் இறக்க வேண்டாம், கார்புரேட்டரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். வண்டிக்கு என்ன கோளாறு என்பதற்கான முக்கியத் தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “கையை எடுக்கும் நொடியில் ஒரே ஒரு தடவை உறுமுகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். வந்த மூவரில் யாராவது ஒருவர் வண்டி என்ன செய்கிறது என்று உங்களிடம் நின்று கேட்டிருந்தால், இந்நேரம் வேலை முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு பெட்ரோல் இன்ஜின் ஒரு தடவை உறும வேண்டுமானாலும் நான்கு காரியங்கள் ஒன்றுகூட வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் போயிருக்க வேண்டும். பிஸ்டன் அதை அழுத்தியிருக்க வேண்டும், கம்ப்ரஷன் என்பது இதுதான். பிளக்கில் தீப்பொறி விழுந்திருக்க வேண்டும். அதுவும் ஏறத்தாழ சரியான நேரத்தில் விழுந்திருக்க வேண்டும். உங்கள் இன்ஜின் உறுமுகிறது என்றால், அந்த ஒரு நொடிக்காவது நான்கும் கூடியிருக்கின்றன. கம்ப்ரஷன் அறவே இல்லாத இன்ஜின் உறுமாது. பெட்ரோல் வராத இன்ஜினின் பிளக் நனைந்திருக்காது. ஆகவே மூன்றாமவர் சொன்னதும் இரண்டாமவர் சொன்னதும் உங்கள் கண் முன்னால் நடப்பதோடு பொருந்தவில்லை. நமக்கு மிஞ்சுவது ஒரே கேள்விதான்: சாவியைப் பிடித்திருக்கும்போது இல்லாத எது, கையை எடுத்தவுடன் வந்துவிடுகிறது?

மின்சாரம். இதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டில் கிணற்று மோட்டார் போட்டவுடன் விளக்கு மங்குவதைப் போல, அந்தச் சில நொடிகளில் வண்டி முழுவதும் வோல்டேஜ் இறங்கும். நல்ல பேட்டரியும் சுத்தமான டெர்மினலும் இருந்தால் 12.6 வோல்ட் என்பது 10 வோல்ட் அளவுக்கு வந்து நிற்கும். பிளக்கின் பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயில் அதற்குள்ளேயே தன் வேலையைச் செய்தாக வேண்டும். வழியில் எங்காவது துரு, தளர்ந்த இணைப்பு, தேய்ந்த காண்டாக்ட் இருந்தால் காயிலுக்குப் போய்ச் சேருவது 7 அல்லது 8 வோல்ட்டாகக் குறைந்துவிடும். அதில் வரும் பொறி, நனைந்த பிளக்கில் தாண்டுவதற்குப் போதாது. சாவியை விட்டதும் செல்ஃபின் சுமை நீங்கி, காயிலுக்கு முழு வோல்டேஜ் போகிறது. இன்ஜின் இன்னும் அரைச் சுற்று, ஒரு சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நல்ல பொறி விழுகிறது, ஒரு உறுமல் கேட்கிறது, அதற்குள் சுழற்சி நின்றுவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. சாவி சுவிட்சுக்குள் இக்னிஷனுக்கு ஒரு காண்டாக்ட், செல்ஃபுக்கு ஒரு காண்டாக்ட். ஸ்டார்ட் நிலைக்குத் திருகும்போது இக்னிஷன் காண்டாக்ட் விடாமல் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருகித் திருகிப் பித்தளைத் தகடு தேய்ந்த சுவிட்சுகளில், சாவியை முழுவதும் திருகும்போது இந்தக் காண்டாக்ட் விட்டுப்போகும். செல்ஃப் ஜோராகச் சுற்றும், காயிலுக்கோ மின்சாரமே இருக்காது. கையை எடுத்துச் சாவி ஒரு படி பின்னால் வந்ததும் காண்டாக்ட் தொட்டுவிடும். விளைவு அச்சு அசலாக நீங்கள் எழுதியதுதான். என் பந்தயம் இந்தச் சுவிட்சின் மேல்.

பழைய வண்டி என்றாலே பலர் பயப்படுகிறார்கள். எனக்கு எதிர்மாறான எண்ணம். உங்கள் காரில் இருப்பது 1489 சி.சி. பி-சீரிஸ் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி உத்தரபாராவில் உருவான அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு காயில், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் ஒரு ஜோடி பாயின்ட். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒரு பல்பும் ஒரு மீட்டரும் வைத்து ஒவ்வொன்றாக விசாரித்துவிடலாம். இப்படிப்பட்ட இன்ஜினில் ஊகத்தின் பேரில் சாமான் மாற்றுவது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். வாடிக்கையாளர் பணம் போகிறது என்பது மட்டும் காரணமல்ல. புதிதாகப் போட்ட சாமானே புதுக் கோளாறாக மாறி, பழைய தடயத்தையும் அழித்துவிடுகிறது.

சரி, உங்கள் தம்பி மகன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்த இன்ஜினுக்குள் இப்போது தேவைக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. ஷெட்டின் கதவைத் திறந்து வையுங்கள், அல்லது வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டு வாளி மணல். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கார்புரேட்டரின் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். பொறி தவறான நேரத்தில் விழுந்தால் தீ கார்புரேட்டர் வழியாக வெளியே வரும், பாட்டில் கையில் இருப்பவரின் முகத்துக்கு நேராக.

முதல் வேலை, நான்கு பிளக்கையும் கழற்றி உலர வைப்பது. ஒயர்களைப் பிடுங்கும் முன் 1, 2, 3, 4 என்று காகிதம் ஒட்டிக்கொள்ளட்டும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அடுத்து ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

மூன்றாமவருக்குக் கம்ப்ரஷன் இல்லை என்று தோன்றியதற்கும் இதில் விளக்கம் இருக்கக்கூடும். சிலிண்டர் சுவரில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான் பிஸ்டன் ரிங்குகளுக்கு அடைப்பாக நிற்கிறது. சோக் இழுத்து இழுத்துச் செல்ஃப் அடித்ததில் பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். அந்த நேரத்தில் கம்ப்ரஷனை அளக்கும் கேஜ் வைத்தால் உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குப் போகும் காயிலின் நடு ஒயரைக் கழற்றி நன்றாக எர்த் செய்துவிட்டு, பிளக் இல்லாமலேயே சில நொடிகள் சுற்றட்டும். தேங்கிய பெட்ரோல் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். முகத்தை அருகில் கொண்டுபோகக் கூடாது. செல்ஃபை ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிட்டால்தான் மோட்டார் தாங்கும்.

இப்போது மீட்டர். காயிலில் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். சாவி சுவிட்சிலிருந்து ஒயர் வந்து சேருவது பிளஸ் முனை, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது மைனஸ் முனை. சில காயில்களில் பிளஸ், மைனஸ் குறிக்குப் பதிலாக எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகள் இருக்கும். எஸ்.டபிள்யூ. என்பது சுவிட்ச் பக்கம். புதிதாகப் போட்ட காயிலில் இந்த இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடட்டும். மாறியிருந்தாலும் பொறி வரும், ஆனால் பலவீனமாக வரும். இரு முனைக்கும் இடையில் ஓம்ஸ் அளந்தால் 3 ஓம் அளவில் காட்ட வேண்டும். 1.5 ஓம் காட்டினால், தனி ரெசிஸ்டர் வைத்து ஓட வேண்டிய வேறு வகைக் காயிலைப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். அதன் வழியே இரண்டு மடங்கு கரண்ட் ஓடிப் பாயின்டைச் சுட்டுவிடும்.

மீட்டரின் சிவப்புக் கம்பியைக் காயிலின் பிளஸ் முனையிலும் கறுப்பை பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள். சாவியை ஒரு படி திருகினால் 12 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். பாயின்ட் மூடிய நிலையில் சற்றுக் குறையலாம். இனி நீங்கள் உள்ளே உட்கார்ந்து சாவியை முழுவதும் திருகிச் செல்ஃப் அடியுங்கள், அவர் எண்ணைப் பார்க்கட்டும். 9.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் காயிலுக்குப் போதிய மின்சாரம் போகிறது, என் ஊகம் தவறு. 7, 8 என்று இறங்கினால் வழியில் எங்கோ வோல்டேஜ் தொலைகிறது. பூஜ்யத்துக்கோ ஓரிரு வோல்ட்டுக்கோ விழுந்தால் சாவி சுவிட்சேதான்.

மீட்டர் இல்லாதவர்களும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: தள்ளி ஸ்டார்ட் செய்வது. உலர்ந்த பிளக்கையும் கழற்றி வைத்த நடு ஒயரையும் மாட்டி, சாவியை இக்னிஷன் நிலையில் மட்டும் வைத்து, இரண்டாம் கியரில் கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான்கு பேர் வேகமாகத் தள்ளியதும் கிளட்சை விட வேண்டும். செல்ஃபைத் தொடாததால் வோல்டேஜ் இறங்காது. இன்ஜின் பிடித்துக்கொண்டால், செல்ஃப் அடிக்கும்போது மட்டும்தான் காயில் பட்டினி கிடக்கிறது என்று முடிவு செய்துவிடலாம். ஆனால் எட்டு மாதம் நின்ற வண்டி என்பதை மறக்க வேண்டாம். பிரேக் பெடலை அழுத்தினால் கெட்டியாக நிற்கிறதா, பிரேக் ஆயில் அளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தள்ளலாம். அதுவும் சமதளத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்.

வோல்டேஜ் விழுவது உறுதியானால் அடுத்தது நேரடி ஒயர். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு தடித்த ஒயரை நேராகக் காயிலின் பிளஸ் முனையில் மாட்டுங்கள். நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று இருக்கட்டும். பிளக்குகளும் நடு ஒயரும் மாட்டியிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கைபிரேக் போட்டிருக்க வேண்டும். இப்போது சாவியால் செல்ஃப் அடித்தால், என் கணக்குச் சரியாக இருக்கும் பட்சத்தில், இன்ஜின் முதல் சில சுற்றிலேயே பிடித்துவிடும். நிறுத்துவதற்குச் சாவியை அணைத்தால் போதாது, இந்த ஒயரைக் கழற்ற வேண்டும். வண்டி ஓடுகிறது என்ற மகிழ்ச்சியில் ஒயரை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால், இன்ஜின் ஓடாமல் பாயின்ட் மூடிய நிலையில் நிற்கும் நேரமெல்லாம் காயிலுக்குள் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்து, காயில் வெந்துவிடும்.

ஓடிவிட்டால், மின்சாரம் தொலையும் இடம் எது என்பதையும் மீட்டரே சொல்லிவிடும். நேரடி ஒயரைக் கழற்றிவிட்டு, சிவப்பை பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பைக் காயிலின் பிளஸ் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். வரும் எண், அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் மன்னிக்கலாம். இரண்டு, மூன்று என்று வந்தால் சுவிட்ச், ஃப்யூஸ் பெட்டி, நடுவில் உள்ள இணைப்புகள் என்று ஒவ்வொரு இடமாகக் கறுப்புக் கம்பியை பேட்டரி பக்கம் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எண் திடீரென்று குறையும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் குற்றவாளி. ஆலையிலிருந்து வந்தபோது காயிலுக்குப் போவது வெள்ளை ஒயராக இருந்திருக்கும். இத்தனை ஆண்டுகளில் யாராவது வேறு நிறம் போட்டிருக்கலாம் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம், ஒயரைப் பின்தொடரச் சொல்லுங்கள்.

எர்த் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. இதைத்தான் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பருக்குள் மின்சாரம் போகாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான் வழி. உப்புப் பூத்து, பாதி இழை அறுந்து, போல்ட்டின் அடியில் பெயின்டும் துருவுமாக இருக்கும் பட்டைகளை எத்தனையோ அம்பாசிடர்களில் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்கின் சுரண்டிய இரும்புக்கும் மீட்டரை வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து மாட்டுங்கள், அல்லது புதிது போடுங்கள். புது பேட்டரியைப் பழைய டெர்மினலில் மாட்டியிருந்தால் அதன் உட்புறத்தையும் தேய்க்க வேண்டும். பேட்டரி புதிது என்பதால் மின்சாரம் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடுவது இயல்புதான். பேட்டரியில் இருப்பது போய்ச் சேருகிறதா என்பது வேறு கேள்வி.

வோல்டேஜே விழவில்லை, அல்லது நேரடி ஒயர் கொடுத்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்க வேண்டியதுதான்.

12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் கட்டி, ஒன்றைக் காயிலின் மைனஸ் முனையிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பாயின்ட் திறக்கும்போது பல்பு எரியும், மூடும்போது அணையும். ஆகவே மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடினாலும் தொடவில்லை. எட்டு மாதம், நடுவில் ஒரு மழைக்காலம், காவிரிக் கரை ஈரம்; பாயின்டின் இரண்டு முகத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மின்சாரத்தை அது தடுத்துவிடும். மிக நுண்ணிய எமரி காகிதத்தை மடித்து இடையில் வைத்து இழுத்துவிட்டு, பிறகு கெட்டியான வெள்ளைக் காகிதத்தைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தால் போதும். பல்பு எரியவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவே இல்லை, அல்லது அந்த ஒயர் எங்கோ எர்த் ஆகிறது.

பாயின்ட் திறக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் ஃபைபர் குதிகால். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் பாயின்டைத் தள்ளித் திறக்கும் மேடான கேமின் மேல் உரசி உரசி அது தேய, இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் காணாமல் போகும். குதிகால் கேமின் உச்சியில் நிற்கும்படி இன்ஜினைத் திருப்பி, ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை வையுங்கள். பாயின்டைக் கழற்றி மாட்டியிருந்தால் ஸ்பிரிங்கைத் தாங்கும் சிறு தூணில் இருக்கும் இன்சுலேட்டர் வாஷர்களைக் கவனிக்க வேண்டும். ஸ்பிரிங், காயில் ஒயர், கண்டென்சர் (பாயின்ட் கருகாமல் காக்கும் சிறு உருளை) ஒயர் மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். பாயின்ட் உட்கார்ந்திருக்கும் அடித்தகட்டை எதுவும் தொடக் கூடாது. வாஷர் ஒன்று இடம் மாறினால் பொறி அடியோடு போய்விடும்.

அதோடு, வெளி முனையிலிருந்து பாயின்டுக்குப் போகும் அந்தக் குட்டி ஒயரைப் பாருங்கள். பொறி விழும் நேரத்தை மாற்றும் வேக்யூம் அட்வான்ஸ் அடித்தகட்டை அசைக்கும் போதெல்லாம் இந்த ஒயரும் வளைந்து நிமிர்கிறது. மேலே உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கும். விரலால் லேசாக இழுத்தால் ரப்பர் போல நீளும். நல்ல ஒயர் நீளாது. எங்கள் பட்டறைக்கு லாரியில் ஏற்றி வந்த ஒரு காரில் காயில், கண்டென்சர், கார்புரேட்டர் வரை மாற்றி முடித்திருந்தார்கள். கோளாறு இந்த ஒயரில்தான் இருந்தது. இதே போல அடித்தகட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் ஒரு சிறு எர்த் ஒயர் உண்டு, அதற்கும் இதே சோதனை.

பல்பு ஒழுங்காக மின்னினால் நடு ஒயரின் பொறியைப் பாருங்கள். மூடியிலிருந்து அதைக் கழற்றி, இன்சுலேஷன் உள்ள குறடால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். திறந்த பிளக் துளைக்கும் கார்புரேட்டருக்கும் தூரமாக வைத்துச் செய்யுங்கள். நீலமாக, ‘சட்’ என்ற சத்தத்தோடு தாண்டினால் காயில் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, சத்தமில்லாமல் வந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். பழையதைவிடப் புதிய கண்டென்சர்களில் சோடை அதிகம் என்பது என் அனுபவம். அதனால் ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்வேன். நடு ஒயரில் பொறி நன்றாக இருந்து பிளக்கில் இல்லையென்றால், மூடிக்குள் சுற்றும் ரோட்டரின் விரிசல், மூடிக்குள் ஈரம், மூடியின் நடுவில் இருக்கும் சிறு கரிக்கட்டி தேய்ந்தது அல்லது உடைந்தது என்று அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே விடை கிடைத்துவிடும்.

பிளக் ஒயர்களை மாற்றியிருப்பதால் வரிசையையும் ஒரு முறை சரிபாருங்கள். இந்த இன்ஜினின் வரிசை 1-3-4-2. ரோட்டர் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ஒன்றாம் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்ஜினைக் கையால் திருப்பினால், காற்று விரலைத் தள்ளும். அந்த நேரத்தில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ரோட்டர் எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் ஒன்றாம் பிளக்கின் ஒயர். மற்றவற்றை அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம்.

பெட்ரோல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் வண்டியின் முதல் கோளாறு அல்ல. ஆனால் பழைய பெட்ரோலோடு புதியதைக் கலந்தது நல்லதல்ல. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் பாதி டேங்காக நின்றால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நடுவில் ஒரு கோடு விழுந்து இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் வடித்துவிட வேண்டும். ஒரே அடுக்காக இருந்தாலும் புளித்த வார்னிஷ் வாடை அடித்தால் அதுவும் ஆகாது. கூடவே ரப்பர் ஹோஸ்கள், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் இரண்டையும் பாருங்கள். 1991 இல் செய்த ரப்பர் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்ததல்ல. ஊதிப்போன ஹோஸ், அழுத்தினால் விரலில் கறுப்பு ஒட்டும் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். இந்த ஒரு செலவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன், ஏனென்றால் அது கசியும் இடம் சூடான இன்ஜினுக்கு மேலே.

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் பேசவில்லை என்றால் மட்டும் கம்ப்ரஷன் கேஜை எடுங்கள். நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நான்கும் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல் இருந்தால் ஸ்டார்ட் ஆவதற்கு அது தாராளம். ஒன்றில் மட்டும் மிகக் குறைந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. வால்வு என்றாலும் முதலில் வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளியைப் பார்க்கலாம், ஹெட்டைக் கழற்றுவது அதன் பிறகுதான். கேஜ் காட்டிய எண்களை எழுதித் தராமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த எண்களைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கோயில் பயணத்துக்கு முன் இன்னும் ஒன்று. பதினைந்து ஆண்டு தாண்டிய காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் தேதி எப்போது முடிகிறது, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா, உங்கள் பெயருக்கு மாற்றியாகிவிட்டதா என்று இப்போதே பாருங்கள். இன்ஜின் ஒரு மாலையில் சரியாகிவிடலாம், ஆர்.டி.ஓ. அலுவலக வேலைக்கு நாள் பிடிக்கும். ஓடத் தொடங்கிய பின் டயர்களின் வயதையும் பிரேக் சிலிண்டர்களின் கசிவையும் பார்க்காமல் நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம்.

உங்கள் தம்பி மகனுக்கு இதைச் செய்து முடிக்கும் திறமை இருக்கிறது, பொறுமையாகச் செய்யச் சொல்லுங்கள். தீராவிட்டால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது மூன்று விவரங்கள் கட்டாயம் வேண்டும்: செல்ஃப் சுற்றும்போது காயிலின் பிளஸ் முனையில் வந்த வோல்டேஜ், பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வந்த வோல்டேஜ், நேரடி ஒயர் கொடுத்தபோது வண்டி என்ன செய்தது என்பது. அதுவரை நான் மேலே மாற்றச் சொன்னவை தவிர எந்தச் சாமானும் வாங்க வேண்டாம்.